உதவி வந்துகொண்டிருக்கிறது

விசில் அடித்தது. அடுப்பில் கெட்டில் கொதித்துவிட்டது என்று நினைத்து எழுந்து ஓடினேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அது. கெட்டிலில் தண்ணீரே இல்லை. பிறகுதான் சொன்னார்கள், எங்கள் மையத்துக்கு அவசர அழைப்பு வந்தாலும் இதே சத்தம்தான் வரும் என்று. சத்தத்தை மாற்றுங்கள், இல்லை கெட்டிலையாவது மாற்றுங்கள் என்று ஐந்து வருடமாக மனு கொடுத்துவருகிறேன். இரண்டும் அப்படியேதான் இருக்கின்றன. மாற்றியிருந்தால், கேப்டன் மக்சூத், நான் இன்று போலீஸ் நிலையத்தில் உங்கள் அறையில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

"ஒண்ணும் விடாம எழுதுங்கக்கா" என்று சொல்லி வெள்ளைத்தாள் கொடுத்தீர்கள். தேநீரும் கொடுத்தீர்கள், ஆனால் கிண்ணம் நிறைய ஊற்றிவிட்டீர்கள். நம் வீடுகளில் விருந்தாளிக்கு அரைக் கிண்ணம் ஊற்றினால்தான் மரியாதை. நிறைய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். கிளம்ப முடிந்தால் கிளம்பியிருப்பேன், தம்பி.

என் பெயர் ரௌஷான். வயது ஐம்பத்து மூன்று. ஷிம்கெந்த் நகரத்தில், இணையத்தோடு இணைந்த கார்களுக்கான உதவி மையத்தில் வேலை. சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டால் நாங்கள் இங்கிருந்து கதவைத் திறந்துவிடுவோம். கார் திருடு போனால் எஞ்சினை நிறுத்தி, திருடன் இறங்கி ஓடாதபடி உள்ளேயே பூட்டி வைப்போம். குளிர்காலத்தில் நீங்கள் படுக்கையை விட்டு எழுவதற்குள் காரைச் சூடாக்கி வைப்போம். ஆபத்து என்றால் கூரையில் இருக்கும் சிவப்புப் பட்டனை அழுத்த வேண்டும். எங்கள் அறையில் விசில் அடிக்கும். நாங்கள் எடுத்து "உதவி வந்துட்டிருக்கு" என்போம்.

கார் எங்களுக்கு என்னென்ன சொல்லும் என்று பொதுமக்களுக்குத் தெரியாது. தெரிந்தால் எல்லோரும் மறுபடி குதிரை வாங்கிவிடுவார்கள். குதிரை யாரிடமும் சொல்லாது. கார் எல்லாவற்றையும் சொல்லும். நவ்ரூஸ் புத்தாண்டு விருந்து முடிந்த மறுநாள் ஊர் முழுக்க முன் இருக்கையின் எடை கூடியிருக்கும். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு என்று கிளம்பும் சில கார்கள் குதிரைச் சந்தையில் போய் நிற்கும். நகரசபைப் பெரியவர் ஒருவர் வாரம் இரண்டு முறை சாலைப் பணியைப் பார்வையிடப் போவார். அந்தச் சாலை எப்போதும் ஒரே நீராவிக் குளியல் விடுதியின் வாசலில்தான் முடியும். ஒருவர், பக்கத்தில் தொண்ணூற்று நான்கு கிலோ உட்கார்ந்தால் பஞ்சு போல பிரேக் போடுவார். ஐம்பத்தாறு கிலோ உட்கார்ந்தால் வெட்டி வெட்டிப் போடுவார். தொண்ணூற்று நான்கு அம்மா, ஐம்பத்தாறு மனைவி. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

எல்லோரும் சம்மதம் கொடுத்தவர்கள்தான். கார் வாங்கும்போது நாற்பத்திரண்டு பக்க ஒப்பந்தம் திரையில் வரும். கீழே 'சம்மதம்' என்று இருக்கும் இடத்தைத் தொட்டுவிட்டு, புதுக் காருக்கு விருந்து வைக்கப் போய்விடுவார்கள். முழுவதையும் படித்த ஒரே ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். முப்பத்தொன்றாம் பக்கத்தில், விவரங்களை 'வாடிக்கையாளரின் அனுபவத்தை மேம்படுத்தப்' பயன்படுத்தலாம் என்று போட்டிருக்கிறது. கல்யாணமும் ஒரு அனுபவம்தானே.

அப்படித்தான் ஆரம்பித்தது.

ஒரு பள்ளிக்கூட டீச்சர், ஒரு கால்நடை மருத்துவர். இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. ஞாயிறுதோறும் இரண்டு கார்களும் ஒரே ஏரியின் எதிரெதிர்க் கரையில் தனியாக நிற்கும். ஒரே மாதிரி சோகப் பாட்டு ஓடும். ஐந்து ஞாயிறு பொறுத்துப் பார்த்தேன். ஆறாவது ஞாயிறு மருத்துவரின் காரைக் கிளம்பவிடாமல் செய்தேன். அவர் அழைத்தார். "வண்டி வர ரெண்டு மணி நேரம் ஆகுங்க. எதிர்க்கரையில ஒரு பச்சைக் கார் நிக்குது பாருங்க, அவங்ககிட்ட பேட்டரி ஒயர் இருக்கான்னு கேளுங்களேன்" என்றேன். இப்போது இரண்டு குழந்தைகள். கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. நான் யாரென்றே அவர்களுக்குத் தெரியாது. பரவாயில்லை.

நம் ஜனங்கள் சம்பந்தம் பேசும்போது ஏழு தலைமுறைத் தாத்தாக்களின் பெயரைக் கேட்பார்கள். பையன் எப்படி பிரேக் போடுகிறான் என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் பார்த்தேன். ஐந்து வருடத்தில் ஒன்பது கல்யாணம். ஒரு கல்யாணத்தை நிறுத்தவும் வேண்டியிருந்தது. மாப்பிள்ளையின் கார் வியாழக்கிழமைகளில் வேறொரு வீட்டு வாசலில் தூங்கியது. அந்தக் கார் போய்வந்த வரைபடத்தைப் பெண்ணின் அண்ணன்களுக்குப் பெயர் போடாமல் அனுப்பினேன். பையன் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். விலா எலும்பு சீக்கிரம் கூடிவிடும் என்று டாக்டர்களே சொல்கிறார்கள்.

இனி பெக்ஸாத் விஷயம்.

பெக்ஸாத் என் மறைந்த கணவரின் தம்பி மகன். லெங்கர் சாலையில், ஊருக்கு வெளியே டயர் கடை வைத்திருக்கிறான். பழுதான கார்களைத் தூக்கிப் போகும் லாரியும் உண்டு. வயது இருபத்தொன்பது. நல்ல பையன், பயந்தவன். பல் வலிக்கு ஆஸ்பத்திரி போன இடத்தில் பல் டாக்டர் கம்ஷாத்தைப் பார்த்துவிட்டு வந்து மூன்று நாள் சாப்பிடவில்லை. பல் இல்லாததால் என்றுதான் முதலில் நினைத்தோம். அப்புறம் போய்க் கேட்டிருக்கிறான். அவள் சொன்னாளாம்:

"பல்லைத்தானே புடுங்கினேன், மூளையையும் சேத்தா புடுங்கிட்டேன்?"

இரண்டாம் முறை போனான். வேண்டாம் என்றாள். மூன்றாம் முறை பூங்கொத்தோடு போனான். பூவை நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் வைத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அவன் அம்மா குல்சாரா என்னிடம் வந்து அழுதாள். "எல்லார் வீட்டுக்கும் மருமக வந்துட்டாக்கா. என் வீட்ல மட்டும் நானே டீ ஊத்திக்கிறேன்" என்றாள்.

கம்ஷாத்தின் காரைத் திரையில் எடுத்துப் பார்த்தேன். வெள்ளைச் சின்னக் கார், சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. பிரேக் அருமை. வயது இருபத்தாறு. வழியில் அம்மாவோடு பேசிக்கொண்டே ஓட்டுவாள். அடுத்த மாதம் சொந்தமாக ஒரு பல் மருத்துவமனை திறக்கப் போவதாகவும், ஒரே ஒரு நாற்காலிதான் என்றாலும் தன் நாற்காலி என்றும் பேசிக்கொண்டிருந்தாள். நல்ல பெண். இந்தப் பெண்ணை நம் வீட்டுக்குக் கொண்டுவராமல் விட்டால் நான் என்ன பெரியம்மா என்று தோன்றியது.

வேண்டாம் என்று சொன்னாளே என்பீர்கள். சொன்னாள்தான். நானும் சொன்னேன். பத்தொன்பது வயதில் தராஸ் நகரத்து நர்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கல்லூரி வாசலில் நான்கு பேர் பிடித்து ஒரு பழைய காரில் போட்டு, கல்யாணத்துக்கு என்று மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். இந்தக் காலத்துக் கார் இல்லை, எந்த விவரமும் எங்கேயும் போகவில்லை. என் மாமியார் வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொண்டார். பெரியவர்களைத் தாண்டிப் போனால் வம்சம் விளங்காது என்பார்கள் அல்லவா, நான் தாண்டவில்லை. மூன்று நாள் அழுதேன். நான்காம் நாள் மாவு பிசைந்தேன். பிறகு பழகிவிட்டது. கணவர் நல்ல மனிதர், கை நீட்டியது இரண்டே தடவை. அந்தக் கல்லூரியை நான் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. ஆகவே மூன்று நாள் என்பது எனக்குத் தெரிந்த கணக்கு. அவளுக்கும் அதுதான் ஆகும் என்று நினைத்தேன்.

இப்போது புதுச் சட்டம் வந்திருக்கிறது. பெண்ணின் மேல் கை வைத்துத் தூக்கினால் சிறை. சட்டத்தை நான் மதிக்கிறேன். ஆகவே யாரும் அவள் மேல் கை வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கடைசி வரை யாரும் வைக்கவில்லை. இதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

புதன்கிழமைகளில் அவள் லெங்கர் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கப் போவாள். பெக்ஸாத் வீட்டுக்கு முன்னால் ஒரு வளைவு வரும். அந்த இடத்தில் அம்மாவோடு பேசும் பேச்சு ஒவ்வொரு புதனும் அறுந்துவிடும். அவள் சிம்முக்கு அங்கிருந்து பெக்ஸாத் வீடு வரை சிக்னல் இல்லை. ஊர்க்காரர்கள் வேறு கம்பெனி சிம் வைத்திருக்கிறார்கள். காருக்கோ எந்தக் கம்பெனி கிடைத்தாலும் போதும். எட்டு வாரம் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

"பெரியம்மா, அவ என்னைக் கொன்னுடுவா" என்றான் பெக்ஸாத்.

"கல்யாணம் ஆனா எல்லா வீட்லயும் அதாண்டா நடக்குது. லாரிக்கு டீசல் போட்டு வை" என்றேன்.

ஜனவரி மாதம், மூன்றாவது புதன். காலை பத்து நாற்பது. வெளியே மைனஸ் பதினெட்டு டிகிரி குளிர். வளைவில் கார் வந்ததும் எஞ்சினை நிறுத்தி, திருடனுக்குப் போடும் பூட்டைப் போட்டேன். அது போட்டால் உள்ளிருந்தும் திறக்காது. வெளியே இறங்கி நின்றால் குளிரில் விறைத்துவிடுவாள் என்ற அக்கறையும் இருந்தது. பேட்டரியில் சூடு மட்டும் ஓடும்படி வைத்தேன், இருபத்திரண்டு டிகிரி. இரண்டு நிமிடத்தில் விசில் அடித்தது. என் இருக்கைக்கு வரும்படி முன்பே வைத்திருந்தேன்.

"அவசர உதவி மையம், வணக்கம். சொல்லுங்க."

"என் கார் நின்னுபோச்சுங்க. கதவும் திறக்கலை. ஒரு லாரி வந்து காரையே தூக்குது. நான் உள்ள இருக்கேன், தட்டுறேன், கேக்க மாட்டேங்குறாங்க."

"பதறாதீங்கம்மா. உங்க நன்மைக்காக இந்தப் பேச்சு பதிவாகுது. உதவி வந்துட்டிருக்கு."

பொய் சொன்னதாக நினைக்காதீர்கள். உதவி முன்னால் உட்கார்ந்து லாரியை ஓட்டிக்கொண்டுதான் இருந்தது.

காரோடு சேர்த்து அவளை முற்றத்தில் இறக்கினார்கள். குல்சாராவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் நான்கு பேரும் மருமகளுக்குக் கட்டும் வெள்ளைத் தலைத்துணியோடு நின்றார்கள். பெரிய சட்டியில் விருந்துக்கு மாவுருண்டை பொரிந்துகொண்டிருந்தது. காரின் நான்கு கேமராவிலும் எனக்கு எல்லாம் தெரிந்தது. திருட்டுப் பூட்டை எடுத்து, கதவைத் திறந்துவிட்டேன். அவள் பூட்டினாள். நான் திறந்தேன். அவள் பூட்டினாள். ஒரு மணி நேரம் இப்படியே போயிற்று. இத்தனை வருடத்தில் யாரோடும் நான் இவ்வளவு நெருக்கமாகப் பேசியதில்லை என்று தோன்றியது. கடைசியில் அவள் இடப்பக்கத்து ஓட்டுநர் கதவில் இருக்கும் சின்னப் பூட்டுப் பொத்தானை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். விடாமல் அழுத்தினால் நான்கு கதவும் பூட்டியே இருக்கும். கையுறையோடு அழுத்த வராது, பொத்தான் பள்ளத்தில் இருக்கிறது. கையுறையைக் கழற்றிவிட்டாள்.

வீட்டுக்குள் சூடாக இருக்கிறது, காருக்குள்ளும் சூடாக இருந்தால் யார் இறங்குவார்கள்? ஆகவே சூட்டைக் குறைத்தேன். நான் கொடுமைக்காரி இல்லை. இருபது நிமிடத்துக்கு இரண்டு டிகிரி, அவ்வளவுதான். இருபது, பதினெட்டு, பதினாறு. எல்லாம் நேரத்தோடு பதிவாகியிருக்கிறது. பன்னிரண்டு வந்தபோது முழுக்க அணைத்துவிட்டேன்.

ஐந்தாவது முறை விசில் அடித்தபோது அவள் குரல் கொஞ்சம் நடுங்கியது.

"இன்னும் யாரும் வரலையே மேடம்."

"வழியெல்லாம் பனிம்மா. நீ ஏன் இப்படிக் குளிர்ல கிடக்கிற? அவங்க நீட்டுற டீயை வாங்கிக் குடிக்கலாம்ல?"

அவள் மெதுவாகக் கேட்டாள்:

"எனக்கு டீ நீட்டுறாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் பதிவேட்டில் ஐந்தாவது அழைப்பின் நேரத்தைக் குறித்தேன்.

"நீங்க யாரு? உங்க பேரு என்ன?"

"அதைச் சொல்லக் கூடாதும்மா. ஊழியர் விவரம் ரகசியம்" என்றேன். கம்பெனி விதி அப்படித்தான்.

அதன்பின் அவள் என்னோடு பேசவில்லை. பட்டனை அழுத்துவாள், என் குரல் கேட்டதும் துண்டிப்பாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அழுத்துவாள். வேறு யாராவது எடுப்பார்களா என்று பார்த்தாள். ஏழு, எட்டு, ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் நான் தவறாமல் "வணக்கம்" சொன்னேன்.

மூன்று மணி வாக்கில் ஆண்கள் சாப்பிட உள்ளே போனார்கள். வாசல் கேட் திறந்தே கிடந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். பொத்தானிலிருந்து கையை எடுத்துக் கதவை ஒரு சாண் திறந்தாள். ஓடியிருப்பாள், நான் திரையில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த நேரம் பார்த்து குல்சாரா ஓடிவந்து, பனியில், கதவுக்குக் குறுக்கே மல்லாந்து படுத்துவிட்டாள். கதவு அவள் வயிற்றில் இடித்து மூடிக்கொண்டது. நான் போன் போட்டேன்.

"ஏண்டி, எந்திரி. அங்க படுத்தா அவ எப்படி இறங்குவா?"

"அவ தாண்டக் கூடாதுன்னுதான் படுத்தேங்க்கா. உங்களுக்கு நம்ம அத்தை இப்படித்தானே படுத்தாங்க."

"அது வாசப்படிடி. வெளிய போறவளைத் தடுக்கப் படுத்தாங்க. இது கார். இவ இறங்கி உள்ள வரணும்."

"பனியில முதுகு ஒட்டிக்கிச்சுக்கா. எந்திரிக்க வரலை" என்றாள்.

முட்டாள்தனத்துக்குச் சட்டத்தில் தண்டனை இருந்தால் குல்சாராவுக்கு என்னைவிட அதிக வருடம் கொடுக்க வேண்டும். அவளைப் பெயர்த்து எடுப்பதற்குள் ஆண்கள் திரும்பிவிட்டார்கள். கம்ஷாத் மறுபடி பொத்தானை அழுத்திப் பிடித்தாள். காருக்குள் அப்போது மைனஸ் ஒன்பது டிகிரி. பெக்ஸாத் எனக்குப் போன் செய்து அழுதான். "பெரியம்மா, விட்டுடலாம். அவ உதடெல்லாம் நீலமாயிடுச்சு" என்றான். "இன்னும் கொஞ்ச நேரம்டா, பொறு. நான் மூணு நாள் தாங்கினேன்" என்றேன்.

மூன்றரை மணிக்கு எனக்குத் தேநீர் வேண்டியிருந்தது. கெட்டிலை அடுப்பில் வைத்துப் பக்கத்திலேயே நின்றேன். விசில் அடித்தது. கெட்டில்தான் என்று அடுப்பை அணைத்தேன். விசில் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தால் பக்கத்து இருக்கை ஐதோஸ் எட்டி என் அழைப்பை எடுத்துக் காதில் வைத்திருந்தான். அவளுடைய பதினான்காவது அழைப்பு.

"ரௌஷான் அக்கா, இந்தப் பொண்ணு என்னென்னமோ சொல்லுதே" என்றான் என்னைப் பார்த்து. முகம் வெளுத்திருந்தது. அவன்தான் உங்களுக்குப் போன் செய்தான். நீங்கள் இருபத்தாறு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தீர்கள். எங்கள் மையத்தின் சராசரியைவிட வேகம், பாராட்டுகிறேன்.

அவள் உயிரோடு இருக்கிறாள். இடது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள் என்று நீங்கள் சொன்னபோது, நல்ல வேளை இடது கை என்றேன். அவள் இடக்கைக்காரி என்றீர்கள். அது எனக்குத் தெரியாது, தம்பி. அவள் எடை, இருக்கையின் உயரம், கேட்கும் பாட்டு, அம்மாவின் போன் நம்பர், எந்தத் திருப்பத்தில் பேச்சு அறுகிறது என்பது வரை எங்களிடம் இருந்தது. எந்தக் கையால் பல் பிடுங்குவாள் என்பது எங்கள் விவரத்தில் இல்லை. அடுத்த பதிப்பில் சேர்க்கச் சொல்லி எழுதலாம். நான் எழுத முடியாது, வேலை போய்விட்டது.

எஞ்சினை நிறுத்தியது நான். பூட்டியது நான். சூட்டை அணைத்தது நான். பதினான்கு அழைப்பில் பதின்மூன்றை எடுத்து, உதவி வருகிறது என்று சொல்லி உட்கார்ந்திருந்ததும் நான்தான். பெக்ஸாத் லாரி மட்டும்தான் ஓட்டினான், அவனைக் கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள். நல்லதை நினைத்துத்தான் செய்தேன். நாற்காலி ஒன்று போனால் என்ன, வீடு ஒன்று கிடைக்கிறதே என்று நினைத்தேன். எனக்கும் அப்படித்தான் ஒன்று போய் ஒன்று கிடைத்தது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். இதோடு கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று இருந்தேன்.

ஆனால் நீங்கள் மறுபடி உள்ளே வந்தீர்கள். இந்த முறை கையில் ஒரு வரைபடம். எனக்குப் பழக்கமான அச்சு. எங்கள் மையத்திலிருந்து வாங்கியது என்று பார்த்ததுமே தெரிந்தது. எதிரில் உட்கார்ந்து, அதை மேசையில் என் பக்கம் திருப்பி வைத்தீர்கள். ஒன்றும் விடாமல் எழுதச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன்.

"இது உங்க சொந்தக் காரோட பதிவுக்கா" என்றீர்கள். "மாசத்துக்கு ரெண்டு ஞாயிறு, இங்கேருந்து தராஸ். போக வர முந்நூத்தி அறுபது கிலோமீட்டர். நர்ஸ் கல்லூரி வாசல்ல நாப்பது நிமிஷம் நிக்குது. யாரும் ஏறலை, யாரும் இறங்கலை. அஞ்சு வருஷமா. அங்க என்னக்கா பண்றீங்க?"

வரைபடத்தை மடித்தேன். மடித்ததை இன்னொரு முறை மடித்து, கிண்ணத்துக்கு அடியில் வைத்தேன்.

"அது என் சொந்த விஷயம் தம்பி. அதையெல்லாம் பாக்கிறதுக்கு உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?"